பீங்கான் கோப்பையில் ஒரு வாய்க்கால்

காலையில் நான் மாட்டை அவிழ்த்து வெளியில் கட்டுகிற நேரத்துக்கு, வாய்க்காலின் எதிர்க்கரையில் மோதினார் குனிந்திருப்பார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரை எங்கள் பக்கத்தில் மோதினார் என்போம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை இருக்கும். பிடி உடைந்தது. அதை வாய்க்காலில் முக்கி எடுத்து, வெளுத்து வருகிற வானத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அப்புறம் மூக்குக்குக் கொண்டுபோவார். அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிப் புல்லில் துப்புவார். "ம்" என்பார். அந்த "ம்" வந்தால் தண்ணீர் நல்லது. பக்கத்திலிருக்கிற சின்ன மடையின் பலகையைத் தூக்கிவிடுவார். தண்ணீர் பள்ளிவாசல் முன்னாலிருந்த ஹவுள் என்கிற தொட்டிக்குள் ஓடும். தொழ வருகிறவர்கள் அதில்தான் முகம் கை கால் கழுவுவார்கள்.

"தெனம் என்னத்தப் பாக்குறீங்க மோதினாரே? நேத்துப் பாத்த அதே தண்ணிதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடுற தண்ணில நேத்துத் தண்ணி ஏதுக்கா?" என்றார். "எங்களுக்குக் கணக்கு மூணு. நெறம், வாடை, ருசி. இந்த மூணும் தண்ணிக்குரியதா இருக்கணும். ஒண்ணு மாறினாலும் யோசிக்கணும்."

"மழை பேஞ்சா கலங்குதே, அப்போ?"

"மண்ணு கலந்தா தண்ணி கெடாதுக்கா. மண்ணுலதான நாமளே பொறந்தோம்."

எனக்கு இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். ஒல்லியான மனுஷன். சட்டைக் காலர் எப்போதும் ஈரமாக இருக்கும். நான் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, நாலாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த ஊரில் முதல் மடை எங்கள் வீட்டு மடை. தண்ணீர் எங்கள் வயலில் நுழைந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். தண்ணீரைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீரைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் அழகாகப் பொய் சொல்வார். என் பெரிய மகன் சிங்கப்பூர் கிளம்பிய அன்று வீட்டில் சின்ன விருந்து. என் மருமகள் அல்வா கிண்டியிருந்தாள். தட்டில் போட்டால் தட்டோடு ஒட்டிக்கொண்டு, கத்தி இறங்காமல், மெழுகு மாதிரி இருந்தது. எல்லாரும் வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மோதினார் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்.

"திருநெல்வேலிக்காரன் இத ஒரு வாய் தின்னான்னா கடைய மூடிட்டு இங்க வந்து கத்துக்குவான் தாயீ" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அடுத்து அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இது மோட்டார்த் தண்ணிம்மா. அடில உப்புக் கரிக்குது. கொழம்புக்கும் இதத்தான் ஊத்தியிருக்கீங்க."

நாற்பது பேருக்கு நடுவில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. விருந்துக்கு வாய்க்கால் தண்ணீரைத்தான் வெட்டிவேர் போட்டு வைத்திருக்கிறேன் என்று நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பானை காலியாகிவிட்டதில் மருமகள் மோட்டாரைப் போட்டுப் பிடித்திருக்கிறாள். "மோதினாருக்கு நாக்கு இருக்க வேண்டிய எடத்துல மீட்டர் இருக்கு" என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பற்றிய பேச்சில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

ரோடு வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஊருக்கு மேற்கே, வாய்க்காலைக் குறுக்கே தாண்டிப் போகிற பெரிய ரோடு. வயலுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மண்ணைக் கொட்டி மேடு போட்டார்கள். வல்லத்துப் பக்கத்திலிருந்து செம்மண் கிராவல் லாரி லாரியாக வந்தது. எடுத்த நிலத்துக்குப் பலரும் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் நிலம் எதுவும் எடுபடவில்லை. ஆனால் காண்டிராக்டரின் மேனேஜர் என்னைத் தேடிவந்தான். ரோட்டுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி எங்களுக்கு மேலக்கொல்லை இருந்தது. ஜல்லி கொட்டவும், தார் காய்ச்சிக் கலக்கவும், லாரி நிறுத்தவும் அதை மூன்று வருஷத்துக்குக் கேட்டான்.

"இந்த ஊர்ல பெரிய வீடுன்னா உங்க வீடுதானாம்மா. உங்களத்தான் மொதல்ல பாக்கணும்னு சொன்னாங்க."

அந்த வார்த்தைக்குத்தான் மயங்கினேன். இருபது லாரி என் கொல்லையில் நிற்கும், எல்லாரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. கையெழுத்துப் போடப் போகிறேன் என்று தெரிந்து மோதினார் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, குடுக்குறதுன்னா தெக்குத் திடலக் குடுங்க. வாய்க்கா ஓரம் வேணாம். டீசலும் தாரும் வெச்சுப் பொழங்குற எடம். தண்ணி மேக்கேருந்துதான வருது."

"எங்க நெலத்துல எத எங்க குடுக்கணும்னு நீங்க ஒண்ணும் எனக்குப் பாங்கு சொல்ல வேணாம்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் எதிர்க்கரையிலிருந்து, "மாட்டுக்கு மடி எறங்கிருக்கு, நாளைக்கோ நாளாண்ணைக்கோ கன்னு போட்டுரும்க்கா" என்று எப்போதும் போலப் பேசினார்.

அந்த ஆனி மாதத்தை நான் மறக்க முடியாது. மேட்டூரில் திறந்தாயிற்று, கல்லணைக்கு வந்தாயிற்று என்று செய்தி வந்து நாலு நாள் ஆகியும் எங்கள் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. நாற்றங்கால் உழுது வைத்திருந்தோம். அன்று ராத்திரி மேற்கே மட்டும் இடித்தது. எங்கள் ஊரில் ஒரு தூறல் இல்லை. விடிந்து பார்த்தால் வாய்க்காலில் செக்கச்செவேலென்று தண்ணீர், நுரை கட்டிக்கொண்டு சருகைத் தள்ளிக்கொண்டு வருகிறது. புதுத் தண்ணீர் அப்படித்தான் வரும். சிவந்து வந்தால்தான் எங்களுக்குக் காவிரி.

"பொண்டுகளா, வந்துட்டாடீ!" என்று நான்தான் தெருவெல்லாம் கூப்பிட்டேன். மஞ்சள், பூ, வெற்றிலை, காப்பரிசி, ஒரு பிடி விதைநெல். முதல் மடை வீட்டுக்காரி என்று முதலில் நான் இறங்கினேன். பூவையும் நெல்லையும் தூவிச் சூடம் காட்டி, தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். குலவைச் சத்தம் எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும்.

எதிர்க்கரையில் மோதினார் கோப்பையோடு நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் வாயில் வைத்திருந்தார். துப்பினார். இன்னொரு தடவை மொண்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

"என்ன மோதினாரே, எங்காத்தா எப்படி இருக்கா?"

அவர் கோப்பையைக் கீழே இறக்கினார்.

"அக்கா, இது காவிரி இல்ல."

குலவை நின்றது.

"காவிரி வண்டல் நாக்குல பட்டா வழவழன்னு போயிடும். இது நறநறங்குது. வல்லத்து மண்ணு. ரோட்டு மேட்ட மழை கரைச்சு எடுத்துட்டு வருது. இன்னும் ஒரு மணி நேரத்துல நின்னுடும்."

"மண்ணு கலந்தா கெடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? எங்க பூசைன்னதும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"கெட்டதுன்னு நான் சொல்லலியேக்கா. காவிரி இல்லன்னுதான் சொன்னேன்."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் நூலாகிச் சொட்டாகி நின்றது. நான் தூவிய பூ சிவப்புச் சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். சேறு காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிப்போனது. மூன்று நாள் கழித்து நிஜமான காவிரி வந்தபோது வரவேற்க யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. மோதினார் மட்டும் கோப்பையை நிமிர்த்தி, என் காதில் விழட்டும் என்று உரக்க, "இது அவங்கதான்க்கா!" என்றார். நான் மாட்டைத் திட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒரு மாதம் பேசவில்லை.

ரோடு முடிந்தது. பஸ் வேகமாகப் போனது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் பாதியாகக் குறைந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். காண்டிராக்டரின் ஆட்கள் கிளம்பும்போது மேலக்கொல்லையில் இருந்த தார்க் கழிவையும் எண்ணெய் ஊறின மண்ணையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. குழி தோண்டித் தள்ளி, மேலே கிராவலைப் போட்டு நிரவி, "பாருங்கம்மா, கிரிக்கெட் ஆடலாம்" என்று காட்டிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் வந்த மாற்றம் ஒருநாளில் வந்தது இல்லை. வருஷம் வருஷமாக வந்தது. ரோட்டுக்கு அடியில் கட்டிய சிறுபாலத்தின் தளம் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரம். காவிரி கொண்டுவருகிற வண்டல் அதற்கு மேற்கேயே தங்கிவிட்டது. எங்கள் பக்கம் வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆடி மாதத்தில் அடி மணல் தெரிந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா, ரோடு வந்து தண்ணி சுத்தமாயிருக்கு" என்று மோதினாரிடம் குத்தலாகச் சொன்னேன்.

"ஆடில இவ்வளவு தெளிவு ஆகாதுக்கா" என்றார்.

முதலில் நத்தை போனது. அப்புறம் மடையில் துள்ளுகிற பொடிக் கெண்டை போனது. மழைக்காலத்தின் முதல் மழையில், ரோட்டின் மேலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கறுப்பாக இறங்கும். அந்த நீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் மினுக்கும். முதல் மடைப் பக்கத்து நாற்று ஒரு கோடு போட்ட மாதிரி பழுத்து நின்றது. எங்கள் கறவை மாடு ஒருநாள் தண்ணீர்க் கரையில் போய் நின்று, மூக்கால் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, வாய் வைக்காமல் திரும்பிவிட்டது. அடித்துப் பார்த்தேன். அது என்னைத்தான் பார்த்தது.

அன்று மத்தியானம் மோதினார் கோப்பையில் தண்ணீரோடு பாலத்தைச் சுற்றி வந்தார். சிந்தாமல் இருக்க மேலே உள்ளங்கையை மூடியிருந்தார்.

"நீங்க ஒரு தடவ பாருங்கக்கா. எனக்கு வயசாயிடுச்சு, நாக்கு பொய் சொல்லுதோ என்னமோ."

வாங்கினேன். நிறத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் அந்த வாடையை என் வாசலில் நின்றபடி முகர்ந்திருக்கிறேன். தார் காய்கிற வாடை. நாக்கில் வைத்தால் ஒரு வழுக்கல், அப்புறம் ஒரு கசப்பு, தொண்டை வரை போய் அங்கேயே நின்றது. ரோட்டுக் குழாயிலிருந்து வருவது கொஞ்சம். மீதி எங்கிருந்து கசிகிறதென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியல."

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு ஜலதோஷமா இருக்கும்க்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமாத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்த சிலருக்குக் கையில் அரிப்பு வந்திருக்கிறது. நான் இந்தக் கரையில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் அகலம் எவ்வளவு? பேசினால் மூச்சுக்கூடக் கேட்கும்.

துபாயிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருக்கிற தலைவர் கேட்டார், "மோதினாரே, பத்துப் பேரு பத்து விதமாப் பேசுறாங்க. நீங்க சொல்லுங்க. தண்ணி ஆகுமா, ஆகாதா?"

மோதினார் கோப்பையை முக்கினார். பார்த்தார். முகர்ந்தார். வாயில் வைத்துத் துப்பினார். அன்றைக்கு "ம்" வரவில்லை.

"நெறம் நல்லாருக்கு. வாடையும் ருசியும் மாறிப்போச்சு. ஆகாது."

அவருடைய வாப்பா காலத்திலிருந்து அவர்கள் கையால் திறந்த மடை.

"ஒரே நாள்ல இப்படி ஆகாதே. எங்கேருந்து வருது இது?"

என் கையில் வைக்கோல் அப்படியே நின்றது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலக்கொல்லை நாலு வயல் தூரம்தான். கைநீட்டிக் காட்டியிருக்கலாம். ஊரில் முதல் மடை வீட்டுக்காரி ஊர்த் தண்ணீரைக் கெடுத்தாள் என்று பேர் ஆகியிருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கோப்பைக்குள்ளேயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றார்.

தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே கொத்தனார் வந்து அந்தச் சின்ன மடையைச் செங்கல் வைத்து அடைத்துச் சிமெண்டு பூசினான். பள்ளிவாசலில் போர் போட்டுக் குழாய் வைத்தார்கள். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பேசியிருந்தால் அந்தக் குழியைத் தோண்டி அள்ளியிருக்கலாம். மனுஷர்கள் இருந்தார்கள், மண்வெட்டி இருந்தது, என் நிலம்தான் அது. என் வாய்தான் இல்லை.

மோதினார் காலையில் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. அதே கோப்பை, அதே மூன்று. மடை இல்லாத இடத்தில் நின்று பார்ப்பார். டீக்கடையில் கேலி செய்தார்கள்.

"டேப்பு வந்தாச்சே மோதினாரே, இன்னும் என்னத்துக்குக் குடிச்சுப் பாக்குறீங்க?"

"சொந்தக்காரங்க நோவாப் படுத்துக் கெடந்தா, வைத்தியம் பண்ணத் தெரியலன்னு போயிப் பாக்காம இருந்துடுவியா தம்பி?" என்று கேட்டாராம்.

என்னிடமும் முன்போலவே பேசினார். கன்றுக்குட்டி அழகு, உங்கள் பேரன் கலெக்டராவான், இந்த வயதிலும் உங்கள் நடை குறையவில்லை என்று வாய் ஓயாமல் பொய். தண்ணீரைப் பற்றி மட்டும் அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. கடைசியில் கால் வராமல் போய், மகளோடு இருக்க நாகூருக்குப் போனார். அங்கேயே மவுத்தானார், அடக்கமும் முடிந்தது என்று மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சேதி வந்தது. அந்தக் கோப்பை என்னவாயிற்று என்று அவருடைய மகளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது காலையில் நான்தான் குனிகிறேன். என்னிடம் எவர்சில்வர் டம்ளர்தான் உண்டு. அதில் நிறம் தெரியாது. வாடையும் ருசியும் தெரியும். அந்த வாடை குறைந்த வருஷம் உண்டு, அடியோடு போய்விட்ட வருஷம் கிடையாது.

போன மாதம், அந்த ரோட்டை இன்னும் அகலமாக்கப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு சின்னப்பெண், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுவாரியாக ஒரு படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். ரோடு போட்ட பிறகு தண்ணீரில் மாற்றம் உண்டா என்பது ஒரு கேள்வி. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் இல்லை, இல்லை என்றுதான் எழுதச் சொன்னார்கள். கீழத்தெருப் பையன் என் காதருகே வந்து, "பெரியம்மா, ஒங்க மேலக்கொல்லைய மறுபடியும் கேக்கப் போறாங்களாம். எதுக்கு இருக்கு இல்லன்னு பேசிக்கிட்டு? நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்க" என்றான்.

அந்தப் பெண் என்னைக் கேட்டாள், "பாட்டி, தண்ணியில ஏதாச்சும் மாற்றம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது.

"எப்பலேருந்து?"

"ஒரு ஆனி மாசம், காவிரின்னு நெனச்சு ரோட்டு மண்ணுக்கு நான் சூடம் காட்டினேன். ஒருத்தர் இல்லன்னு சொன்னார். கேக்கல. அதுலேருந்து எழுதிக்க."

அவளுக்கு என்ன புரிந்ததோ, எழுதிக்கொண்டாள். பின்னால் யாரோ, "பெரியம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார்கள். அந்தப் பெண் அடுத்த கட்டத்தில் விரலை வைத்தாள்.

"எங்கேருந்து வருதுன்னு தெரியுமா பாட்டி?"

"தெரியும்" என்றேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "வா, காட்டுறேன். என் கொல்லைதான்."